நான் விரும்பும் கட்சி என் தொகுதியில் வெல்லாது. ஓட்டை என்ன செய்வது?

சாத்தூர்க்காரி (ஹாரோ, லண்டன்) | 11 ஜூன் 2024

வணக்கம். இங்கே பழைய ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள், அதனால் கேட்கிறேன். ஜூலை 4 இங்கே பாராளுமன்றத் தேர்தல். கட்சிச் சண்டை வேண்டாம், எனக்கு உண்மையிலேயே குழப்பம்.

நான் நர்ஸ். சாத்தூர் பக்கம் சொந்த ஊர். 2021 கடைசியில் லண்டன் வந்தேன், முதியோர் வார்டில் வேலை. இந்திய பாஸ்போர்ட்தான். சென்ற மாதம் வாக்காளர் பதிவுக் கடிதம் வந்தபோது, "முன்னாடி குடியிருந்தவங்களுக்கு வந்திருக்கும்" என்று வீட்டுக்காரர் அதைப் பழைய பேப்பரோடு சேர்த்துக் கட்டிவிட்டார். வார்டில் கோட்டயத்துக்கார சிஸ்டர் ஒருத்தி சொல்லித்தான் தெரியும்: காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் விசாவோடு இங்கே குடியிருந்தாலே பாராளுமன்றத் தேர்தலில் ஓட்டுப் போடலாமாம். பேப்பர் கட்டைப் பிரித்துக் கடிதத்தைத் தேடி எடுத்து, போனிலேயே பதிவு செய்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. (இன்னும் பதியாதவர்கள் ஜூன் 18 நள்ளிரவுக்குள் முடித்துவிடுங்கள்.)

ஊரில் இந்த வருடம் போட முடியவில்லை. வெளிநாட்டில் இருப்பவர் நேரில் போய்த்தான் போட வேண்டும், ஏப்ரல் 19க்கு யார் லீவு தருவார்? எங்கள் விருதுநகர் தொகுதி நாலாயிரத்துச் சொச்சம் ஓட்டில் முடிந்தது. எண்ணி முடிகிறவரை அப்பா சாப்பிட உட்காரவே இல்லை என்றார் அம்மா. அங்கே என் ஓட்டுக்கு மதிப்பு இருந்தது, போட முடியவில்லை. இங்கே போட முடிகிறது, மதிப்புதான் சந்தேகமாக இருக்கிறது.

எனக்குப் பிடித்திருப்பது லிபரல் டெமாக்ரட். சிரிக்காதீர்கள். அந்தக் கட்சித் தலைவர் எட் டேவி வின்டர்மியர் ஏரியில் பலகையில் நின்று துடுப்புப் போட்டுத் தொப்பென்று விழுந்ததைப் பார்த்து நானும் கோமாளி என்றுதான் நினைத்தேன். அப்புறம் அவர் சிறு வயதில் நோயாளி அம்மாவைப் பார்த்துக்கொண்டதையும், இப்போது உடல் ஊனமுள்ள மகனைப் பார்த்துக்கொள்வதையும் பேசிய வீடியோ வந்தது. நேற்று வந்த தேர்தல் அறிக்கையில், முதியோரைக் குளிப்பாட்டி உடுத்திவிடுகிற வீட்டுப் பராமரிப்பை இங்கிலாந்தில் இலவசமாக்குவோம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

இது ஏன் எனக்குப் பெரிதாகப் படுகிறது என்றால், என் வார்டில் ஏழாம் படுக்கையில் 84 வயதுப் பாட்டி ஒருவர் இருக்கிறார். நோய் குணமாகிப் பத்தொன்பது நாள் ஆகிறது. மருத்துவர்கள் வீட்டுக்குப் போகலாம் என்று எழுதிவிட்டார்கள். காலையும் மாலையும் வந்து பார்த்துக்கொள்ள ஆள் ஏற்பாடாகவில்லை, அதனால் படுக்கையிலேயே இருக்கிறார். தினமும் காலையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கிளம்பத் தயாராக உட்கார்ந்துவிடுவார். கீழே அவசரப் பிரிவில் படுக்கைக்காக வேறொருவர் ஸ்ட்ரெச்சரில் காத்திருப்பார். மற்றக் கட்சிக்காரர்கள் வரிசை நீளம், டாக்டர் எண்ணிக்கை என்று பேசுகிறார்கள். கைப்பையைப் பற்றிப் பேசியது எட் டேவிதான்.

ஆனால் நான் இருப்பது கிழக்கு ஹாரோ. 2010லிருந்து கன்சர்வேட்டிவ் கட்சியின் பாப் பிளாக்மேன்தான் எம்.பி. லிபரல் துண்டறிக்கை ஒன்றுகூட இதுவரை வாசலில் விழவில்லை. எனக்கு மனசுக்குப் பிடித்தவர்களுக்கே போடுவதா? இல்லை, ஆட்சி மாற வேண்டும் என்று லேபருக்குப் போடுவதா? இல்லை, நைட் டியூட்டி முடிந்து வந்து பேசாமல் தூங்குவதா?

---

கிராய்டன்வாசி | 11 ஜூன் 2024

தூங்குங்கள் சிஸ்டர். நான் பதினாறு வருடமாகத் தூங்குகிறேன்.

கேர் ஒர்க்கர் விசாவில் வருகிறவர்கள் குடும்பத்தைக் கூட்டி வர முடியாது என்று மார்ச் 11லிருந்து சட்டம். ஸ்கில்டு ஒர்க்கர் விசாவுக்குச் சம்பள வரம்பு 26,200 பவுண்டிலிருந்து ஏப்ரலில் 38,700 ஆனது. லேபர் வந்தால் இதையெல்லாம் திரும்ப எடுப்பார்களா? அவர்களும் ஆட்களின் வரத்தைக் குறைப்போம் என்றுதான் சொல்கிறார்கள். கடையின் போர்டு மாறும், சரக்கு அதேதான்.

---

வாக்குச்சாவடி அண்ணை (கிழக்கு லண்டன்) | 11 ஜூன் 2024

தங்கச்சி, முதலில் ஒரு எச்சரிக்கை. இது புகைப்பட அடையாளம் கேட்கிற முதல் பொதுத்தேர்தல். வேலையிடத்து அட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நேரே வந்துவிடாதீர்கள், அது செல்லாது. இந்தியக் கடவுச்சீட்டு செல்லும். அறுபது கடந்தவர்களின் பயண அட்டை செல்லும், இளம் பிள்ளைகளின் பயண அட்டை செல்லாது. ஏன் என்று என்னிடம் கேட்க வேண்டாம். நான் மேசையில் இருந்து சீட்டுக் கிழித்துக் கொடுக்கிறவன் மட்டும்தான். 2005 தொடக்கம் ஒவ்வொரு தேர்தலிலும் அந்த வேலை பார்க்கிறேன். காலை ஆறேகாலுக்குப் போனால் இரவு பத்தரைக்குத்தான் வீடு. தேநீரும் சாப்பாடும் நாங்களே கொண்டுபோக வேண்டும். அன்று முழுக்க எனக்குக் கட்சி இல்லை. இன்றைக்கு வேலை இல்லாதபடியால் கதைக்கலாம்.

நீங்கள் கேட்டது புதுக் கேள்வி அல்ல, 1977லேயே என் அப்பா கேட்டது. எங்களுடையது காங்கேசன்துறைத் தொகுதி, எனக்குப் பதினைந்து வயது. அப்போது இலங்கையிலும் இதே பிரித்தானிய முறைதான், தொகுதியில் முந்தியவருக்கே ஆசனம். அந்தத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சிக்குப் பாதியைக் கொஞ்சம் தாண்டிய வாக்கு, ஆனால் 168இல் 140 ஆசனம். சிறிமாவோவின் சுதந்திரக் கட்சிக்கு ஏறத்தாழ முப்பது விழுக்காடு வாக்கு, எட்டே எட்டு ஆசனம். எங்கள் தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு நாடு முழுக்க எடுத்தால் ஏழு விழுக்காடுகூட வராது, ஆனால் பதினெட்டு ஆசனம். அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார்! ஊரில் வெடி கொளுத்தினார்கள். அப்பா மட்டும் வானொலிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, "அந்த முப்பது விழுக்காட்டுச் சனம் இன்றைக்கு எங்கே போனது?" என்று கேட்டார். அவருக்குச் சுதந்திரக் கட்சியை அறவே பிடிக்காது. இருந்தும் கேட்டார்.

இங்கே 2015இல் அந்தக் கணக்கு அப்படியே திரும்பி வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகக் கேட்ட யுகிப் கட்சிக்கு 38 லட்சத்துக்கு மேல் வாக்கு, கிடைத்தது ஒரே ஓர் ஆசனம். ஸ்கொட்லாந்து தேசியக் கட்சிக்கு அதில் பாதிகூட இல்லை, 56 ஆசனம். யுகிப் வாக்கு நாடு முழுக்கத் தூவிக் கிடந்தது, ஸ்கொட்லாந்துக்காரரின் வாக்கு ஓரிடத்தில் குவிந்து கிடந்தது. இந்த முறையில் எத்தனை பேர் என்பதைவிட எங்கே இருக்கிறார்கள் என்பதுதான் பெரிது. யுகிப்புக்கு நடந்ததைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்கவில்லை. அப்பா இருந்திருந்தால் ஏசியிருப்பார்.

மாற்றச் சந்தர்ப்பம் வராமலும் இல்லை. 2011 மே மாதம் சர்வஜன வாக்கெடுப்பு வைத்தார்கள், வேட்பாளர்களுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று விருப்ப வரிசை போடலாமா என்று. வந்தவர்கள் நூற்றுக்கு 42 பேர், அதில் 68 விழுக்காடு வேண்டாம் என்றார்கள். மேசையில் என்னிடம் மூன்று பேர் "இது என்ன தம்பி?" என்று கேட்டார்கள். விளக்கம் சொல்ல எனக்கு அனுமதி இல்லை.

சரி, உங்கள் வாக்குக்கு வருவோம். கிழக்கு ஹாரோவில் லிபரலுக்குப் போட்டால் ஒன்றுமே ஆகாது என்பது முழு உண்மை அல்ல. வேட்பாளர் கட்டுகிற கட்டுப்பணம் 500 பவுண்டு. உங்கள் ஊரில் டெபாசிட் என்பீர்கள். அங்கே ஆறில் ஒரு பங்கு வாக்கு வேண்டும், இங்கே ஐந்து விழுக்காடு எடுத்தாலே காசு திரும்பும். இன்னொன்று, எதிர்க்கட்சிகளுக்குப் பாராளுமன்றம் வருடாவருடம் பணம் கொடுக்கிறது. ஆசனத்துக்கு இவ்வளவு என்பதோடு, நாடு முழுக்க எடுத்த ஒவ்வொரு 200 வாக்குக்கும் 44 பவுண்டு அளவில். வென்ற தொகுதி, தோற்ற தொகுதி என்ற பேதம் அதில் இல்லை. ஆக உங்கள் வாக்கு அந்தக் கட்சிக்கு வருடத்துக்கு 22 பென்ஸ். சும்மா சொல்லவில்லை, வகுத்துப் பாருங்கள்.

---

சாத்தூர்க்காரி | 12 ஜூன் 2024

22 பென்ஸ்! வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ஊரில் ஓட்டுக்கு இதைவிட நல்ல விலை" என்றார்.

கிராய்டன் அண்ணா, நீங்கள் சொன்ன விசா விஷயம் எனக்கும் வலிக்கிறது. ஏழாம் படுக்கைப் பாட்டியைப் பார்த்துக்கொள்ள வர வேண்டியவர்களில் பாதிப் பேர் அந்த விசாவில் வருகிறவர்கள்தான். பிள்ளையை விட்டுவிட்டு வா என்றால் யார் வருவார்? ஆனால் நீங்கள் தூங்கியதால் அந்தச் சட்டம் வராமல் நின்றதா?

அண்ணா, ஓட்டு மொத்தத்தில் இத்தனை, இடம் இத்தனை என்று நீங்கள் சொன்னதைப் படித்ததும் ஊர்க் கணக்கைப் பார்த்தேன். தமிழ்நாட்டில் தி.மு.க. கூட்டணிக்குப் பாதிக்கும் குறைவான ஓட்டு, 39க்கு 39. நாம் தமிழருக்கு எட்டு விழுக்காட்டுக்குச் சற்று மேல், ஒன்றும் இல்லை. நம் ஊரும் வெள்ளைக்காரன் விட்டுப்போன அதே முறையைத்தான் வைத்திருக்கிறது என்பது எனக்கு இத்தனை நாள் தோன்றவே இல்லை. சின்ன வயதிலிருந்து பார்த்ததால் அதுதான் தேர்தல் என்று நினைத்துவிட்டேன்.

---

விம்பிள்டன் அக்கா | 12 ஜூன் 2024

ஏம்மா, நம் ஊர்க் கணக்கைப் பார்த்தவள் நம் ஊர் வைத்தியத்தையும் பார்க்க வேண்டாமா? இந்த முறையில் எப்படிப் பிழைப்பது என்பதை வெள்ளைக்காரனைவிட நமக்கு நன்றாகத் தெரியும். கூட்டணி! தொகுதிப் பங்கீடு! நான் கும்பகோணம். என் பெரியப்பா சாகிறவரை உதயசூரியன்காரர், ஆனால் கட்சி கைச் சின்னத்துக்கு ஒதுக்கிய தொகுதியில் முகத்தைச் சுளித்துக்கொண்டே கையில் குத்திவிட்டு வருவார். கூட்டணி தர்மம் என்பார். இங்கே லேபரும் லிபரலும் ஒருவருக்கொருவர் எதிராக எல்லாத் தொகுதியிலும் ஆள் நிறுத்தி, ஓட்டைப் பிரித்து, நடுவில் கன்சர்வேட்டிவ் வென்று போகும்.

நான் 1997லிருந்து லேபர்தான். அந்த மே மாதம் குடியுரிமை வந்த சூட்டோடு போட்டது. இருப்பது விம்பிள்டனில், கணபதி கோயிலுக்கு நாலு தெரு தள்ளி. 2019இல் இங்கே லிபரல் 628 ஓட்டில் தோற்றது. லேபர் மூன்றாவது இடம், அதில் என் ஓட்டும் ஒன்று. அன்று இரவு நான் ஓட்டுப் போட்ட கையைத் திட்டிக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை வாசலில் விழுகிற லிபரல் துண்டறிக்கை எல்லாவற்றிலும் கம்பம் கம்பமாக ஒரு படம், "லேபர் இங்கே வெல்ல முடியாது" என்று. கோபம் வருகிறது, ஆனால் பொய் இல்லை.

ஆக என் யோசனை: நீ கிழக்கு ஹாரோவில் எனக்காக லேபருக்குப் போடு. அங்கே 2017இல் லேபர் இரண்டாயிரத்துக்கும் குறைவான ஓட்டில்தான் தோற்றது. நான் விம்பிள்டனில் உனக்காக லிபரலுக்குப் போடுகிறேன். காசு, பண்டம் எதுவும் கைமாறாதவரை இது குற்றம் இல்லை. ஓட்டு மாற்றிக்கொள்ள ஆள் சேர்த்துவிடும் தளங்களே இருக்கின்றன. நமக்குத் தளம் எதற்கு, நாமே பேசி முடித்துக்கொள்வோம்.

---

வாக்குச்சாவடி அண்ணை | 12 ஜூன் 2024

சட்டப்படி பிழை இல்லை. ஆனால் தட்டிக்குள் நிற்கும்போது ஒருவரும் பக்கத்தில் இல்லை, அதை நினைவில் வையுங்கள். சீட்டைப் படம் பிடித்து ஒருவருக்கொருவர் அனுப்பவும் முயல வேண்டாம்.

---

ஹாம் தம்பி (ஜெர்மனி) | 13 ஜூன் 2024

நீங்கள் சொல்வதை வாசிக்க எனக்கு வேறு கிரகத்துக் கதை மாதிரி இருக்கிறது. போன ஞாயிறு, 9ஆம் தேதி, எங்களுக்கு ஐரோப்பியப் பாராளுமன்றத் தேர்தல். இந்தமுறை ஜெர்மனியில் முதல் தடவையாகப் பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கும் வாக்கு. என் மகளுக்குப் பதினாறரை. வாக்குச்சீட்டு கைக்குட்டை மாதிரி இல்லை, துவாய் மாதிரி. முப்பதுக்கும் மேற்பட்ட கட்சிகள். மகள் ஒரு வாரமாக வால்-ஓ-மாட் என்ற அரசாங்கத் தளத்தில் 38 கேள்விக்கும் பதில் போட்டுப் பார்த்தாள். அது எந்தக் கட்சி உன் கருத்துக்கு எவ்வளவு கிட்ட என்று சொல்லும். அவளுக்கு வோல்ட் என்ற சின்னக் கட்சி வந்தது, அதற்கே போட்டாள். நான் 20 வருடமாக எஸ்.பி.டி., அதாவது சமூக ஜனநாயகக் கட்சி.

ஐரோப்பியத் தேர்தலுக்கு இங்கே குறைந்தபட்ச விழுக்காடு கிடையாது. ஐந்து என்று வைத்திருந்ததையும், பிறகு மூன்று என்று குறைத்ததையும் அரசியல் சாசன நீதிமன்றம் அடித்துவிட்டது. 96 ஆசனம். ஒரு விழுக்காடு எடுக்காத கட்சிகளுக்கும் ஒவ்வொன்று கிடைத்திருக்கிறது. வோல்ட்டுக்கு மூன்று. மகளின் முதல் வாக்கு வீணாகவில்லை, அவள் வீட்டில் தலைகால் புரியாமல் நடக்கிறாள்.

ஆனால் அதே தராசுதான் தீவிர வலதுசாரி ஏ.எஃப்.டி. கட்சிக்கும். 15.9 விழுக்காடு, பதினைந்து ஆசனம், இரண்டாம் இடம். என் எஸ்.பி.டி. அவர்களுக்குப் பின்னால். மகளின் வகுப்புப் பெடியன் ஒருவன் அவர்களுக்குத்தான் போட்டேன் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறான். அவன் இவளோடு நாலாம் வகுப்பிலிருந்து படிக்கிறவன், எங்கள் வீட்டில் இடியப்பம் சாப்பிட்டவன். உங்கள் பிரித்தானிய முறையில் அவனுடைய வாக்கு எங்கேயோ காணாமல் போயிருக்கும். நல்லதா கெட்டதா என்று நாலு நாளாக யோசிக்கிறேன்.

அதைவிட, நீங்கள் விசாவில் வந்து மூன்று வருடத்தில் வாக்களிக்கிறீர்கள். நான் 1991இல் வந்தவன். ஜெர்மன் கடவுச்சீட்டு எடுக்கும்வரை உள்ளூராட்சித் தேர்தலில்கூட வாக்கு இல்லை. பதின்மூன்று வருடம்.

---

லா சப்பெல் (பாரிஸ்) | 13 ஜூன் 2024

அதுகூட எங்கள் அப்பாவுக்குக் கிடைக்கவில்லை. முப்பது வருடமாகப் பத்து வருடக் குடியிருப்பு அட்டையைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறார், ஒரு வாக்கும் இல்லை. எனக்கு இங்கே பிறந்ததால் இருக்கிறது.

ஞாயிறு இரவு நடந்ததை அறிந்திருப்பீர்கள். தீவிர வலதுசாரி லு பென் கட்சிக்கு 31 விழுக்காடு தாண்டிவிட்டது, 81 ஆசனத்தில் 30. நான் உணவகச் சமையலறையில் வேலை. முதலாளி தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டினார், ஜனாதிபதி மக்ரோன் வந்தார், பாராளுமன்றத்தைக் கலைக்கிறேன் என்றார். பாத்திரம் கழுவுகிற மாலி நாட்டுக்காரர் கையில் நுரையோடு அப்படியே நின்றார். இருபது நாள்தான் இடைவெளி, ஜூன் 30.

சாத்தூர் அக்கா, உங்கள் குழப்பத்துக்கு இங்கே வேறு மருந்து, இரண்டு சுற்று. முதல் ஞாயிறு பிடித்தவருக்குப் போடலாம். அடுத்த ஞாயிறு பிடிக்காதவர் வராமல் இருக்கப் போடலாம். நீங்கள் இரண்டையும் ஒரே பென்சிலால் ஒரே நாளில் செய்யப் பார்க்கிறீர்கள்.

---

வாக்குச்சாவடி அண்ணை | 13 ஜூன் 2024

இங்கேயும் ஐரோப்பியத் தேர்தலுக்கு விகிதாசார முறைதான் இருந்தது, பலருக்கு அது மறந்துவிட்டது. 2019 மே 23, கடைசித் தடவை. லண்டன் முழுக்க ஒரே தொகுதி, எட்டு ஆசனம். லிபரல் மூன்று, தொழிற்கட்சி (லேபர்) இரண்டு, பிரெக்ஸிட் கட்சி இரண்டு, கிரீன் ஒன்று. நாட்டை ஆண்டுகொண்டிருந்த கன்சர்வேட்டிவுக்குத் தலைநகரில் ஒன்றும் இல்லை. தங்கச்சி, அன்று நீங்கள் இருந்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திராது.

ஆனால் அந்த நாளை நினைத்தால் எனக்கு வேறொன்றுதான் நினைவில் வரும். தேர்தல் நடக்குமா இல்லையா என்பதையே அரசாங்கம் மே 7 அன்றுதான் உறுதிப்படுத்தியது. ஐரோப்பியப் பிரஜைகள் இங்கேதான் வாக்களிப்போம் என்று இன்னொரு படிவம் நிரப்பிக் கொடுக்க வேண்டும், அதற்கும் கடைசி நாள் அதே மே 7. நாடு முழுக்கப் பல பேருக்கு அது தெரியாது. என் மேசைக்கு ஒரு ஜெர்மன் அம்மா வந்தார், அறுபது வயதுக்கு மேல், நல்ல கோட் போட்டு. ஒவ்வொரு உள்ளூராட்சித் தேர்தலுக்கும் வருகிறவர், முகம் எனக்குப் பழக்கம். பெயர் பட்டியலில் இருக்கிறது, பக்கத்தில் ஓர் எழுத்து: சீட்டுக் கொடுக்கக் கூடாது. சொன்னேன். அவர் சண்டை பிடிக்கவில்லை. "2016இலும் எனக்கு இல்லை, இன்றைக்கும் இல்லையா?" என்று மட்டும் கேட்டார். ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா விலகுவதா என்ற 2016 வாக்கெடுப்பில், வந்து இரண்டு வருடமான இலங்கைப் பிரஜை என் நண்பனுக்கு வாக்கு இருந்தது, முப்பது வருடம் இங்கே வரி கட்டிய அந்த அம்மாவுக்கு இல்லை. அவர் கோட் பொத்தானைப் பூட்டிக்கொண்டு போகும்வரை நான் தலை நிமிரவில்லை.

கிராய்டன் தம்பி, உங்கள் தூக்கத்தைக் கலைக்கவென்று இதை எழுதவில்லை. ஆனால் பதினாறு வருடமாக உங்கள் பெயருக்கு நேரே ஒருவரும் அப்படி எழுத்துப் போடவில்லை.

---

கிராய்டன்வாசி | 13 ஜூன் 2024

அண்ணை, குத்திவிட்டீர்கள். பதிகிறேன். போடுவேனா என்பது வேறு.

---

சாத்தூர்க்காரி | 8 ஜூலை 2024

எல்லாம் முடிந்தது, அதனால் வந்து ஒப்புக்கொள்கிறேன். விம்பிள்டன் அக்கா கோபப்படக் கூடாது.

ஜூலை 3 எனக்கு நைட். ஏழரைக்கு முடித்து நேரே வாக்குச்சாவடிக்குப் போனேன், சர்ச்சை ஒட்டிய ஒரு சின்ன மண்டபம். அக்காவோடு போனில் பேசி ஒப்பந்தம் போட்டிருந்தேன்: நான் லேபர், அவர் லிபரல். வாசலில் கன்சர்வேட்டிவ் கட்சியின் நீல ரிப்பன் பூ குத்திய ஒரு தாத்தா வாக்காளர் எண்ணைக் கேட்டார். சொல்ல வேண்டியதில்லை என்று தெரிந்தும் பாவமாக இருந்ததால் சொன்னேன். உள்ளே பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு என் பெயரை அழகாகத் தப்பாகப் படித்தார்கள். சீட்டு, ஒரு தட்டி, நூலில் கட்டிய மொட்டைப் பென்சில்.

ஏழாம் படுக்கைப் பாட்டி ஜூன் 20 அன்று போய்விட்டார், வீட்டுக்குத்தான். நல்லபடியாக. ஆனால் ஜூலை 3 இரவு முழுக்க அதே படுக்கையில் இன்னொருவர், ரிட்டையர்ட் பஸ் டிரைவர். அவரும் போகலாம் என்று எழுதிப் பதினொரு நாள். விடியற்காலை நாலு மணிக்கு "நான் இன்னும் ஏன் இங்கே இருக்கிறேன்?" என்று என்னிடம் கேட்டார். பென்சிலை எடுத்தபோது லேபர் பெயருக்கு நேரே வரைக்கும் கை போனது அக்கா, சத்தியமாகப் போனது. அப்புறம் வேறு கட்டத்தில் போட்டுவிட்டேன்.

---

விம்பிள்டன் அக்கா | 8 ஜூலை 2024

அடிப்பாவி. நான் 27 வருடத்தில் முதல் தடவை லேபர் அல்லாத கட்டத்தில் போட்டேன், உனக்காக! வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து, பெரியப்பா முகத்தைச் சுளித்தது ஏன் என்று இப்போது புரிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

போகட்டும். விம்பிள்டனில் லிபரல் பெரிய வித்தியாசத்தில் வென்றது, என் ஒரு ஓட்டு இல்லாவிட்டாலும் வென்றிருக்கும். உன் கிழக்கு ஹாரோவில் பிளாக்மேனுக்குப் பாதிக்கும் மேல், 53 விழுக்காடு. அவர்கள் கட்சிக்கு நாட்டில் வேறு எங்கும் பாதி தேறவில்லையாம். ஆக நீ தர்மத்தைக் காப்பாற்றியிருந்தாலும் லேபர் தோற்றிருக்கும். இருந்தாலும் கூட்டணி தர்மத்தை மீறியவள் மீறியவள்தான். ஒரு நாள் புளியோதரையோடு வந்து சேர்.

2015இல் அதே கிழக்கு ஹாரோவில் லேபருக்கு நின்று தோற்ற உமா குமரன் இந்தத் தடவை ஸ்ட்ராட்ஃபோர்ட் அண்ட் போவில் வென்றுவிட்டார், பார்த்தாயா? தொகுதி மாறினால் தலையெழுத்தும் மாறும் என்று அண்ணை சொன்னது சரிதான்.

---

லா சப்பெல் | 8 ஜூலை 2024

இங்கே நேற்று இரண்டாம் சுற்று. மூன்று முனைப் போட்டியில் இருநூறுக்கும் மேற்பட்ட வேட்பாளர்கள் தாங்களாகவே விலகி, வாக்கு பிரியாமல் பார்த்துக்கொண்டார்கள். வாக்கில் முதலாவதாக வந்த லு பென் கட்சி, ஆசனத்தில் மூன்றாவது. நான் வாழ்க்கையில் நினைத்தே பார்த்திராத ஒருவருக்குப் போட்டேன். முதலாளி எல்லோருக்கும் ஒரு கோப்பை வார்த்தார். மாலிக்காரருக்கும் வாக்கு இல்லை, எங்கள் அப்பாவுக்கும் இல்லை, இரண்டு பேரும்தான் அதிகம் குடித்தார்கள். யார் ஆட்சி அமைப்பார் என்று ஒருவருக்கும் தெரியாது.

---

வாக்குச்சாவடி அண்ணை | 8 ஜூலை 2024

அப்பாவின் கேள்வியை இந்தமுறையும் கேட்டுப் பார்த்தேன். தொழிற்கட்சி 33.7 விழுக்காடு வாக்கு, 411 ஆசனம். குடியேற்றத்தை எதிர்க்கிற ரிஃபார்ம் கட்சி 14.3 விழுக்காடு, 40 லட்சத்துக்கு மேல் வாக்கு, ஐந்து ஆசனம். உங்கள் லிபரல் 12.2 விழுக்காடு, 72 ஆசனம். இதே கட்சி 2010இல் 23 விழுக்காடு எடுத்து 57தான் வென்றது. இந்தமுறை வாக்குப் பாதியானது, ஆசனம் கூடியது. விம்பிள்டன் தங்கச்சி மாதிரி ஆட்கள் பல தொகுதியில் இருந்திருக்கிறார்கள். ரிஃபார்ம்காரரை எனக்குக் கண்ணில் காட்ட முடியாது. ஆனாலும் அந்த 40 லட்சத்தை நினைத்துப் பார்க்கிறேன், எங்கள் ஹாம் தம்பியின் இடியப்பம் சாப்பிட்ட பெடியன் மாதிரி எத்தனை பேரோ.

சாத்தூர்த் தங்கச்சி, நீங்கள் யாருக்குப் போட்டீர்கள் என்பதைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஆனால் பென்சில் மொட்டையாக இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அது பிழை. அதைச் சீவுவது மேசைக்காரரின் வேலை, நான் வீட்டிலிருந்தே சீவுகருவி கொண்டுபோகிறவன். காலை ஏழேமுக்காலுக்கே மொட்டை என்றால் முதல் நாள் ஒருவரும் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம்.

---

கிராய்டன்வாசி | 9 ஜூலை 2024

எனக்குக் கிடைத்தது கூராகத்தான் இருந்தது.